வினைல் பொம்மைகளும் காமிக்ஸ் வில்லன்களும்: ஓர் உருமாற்றக் கலையின் வரலாறு

தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட வினைல் பொம்மை ஒன்றை வாங்கி, அதை வெட்டி, ஒட்டி, செதுக்கி, மீண்டும் வண்ணம் தீட்டி வேறொரு பாத்திரமாக மாற்றுவது பொம்மை உருமாற்றக் கலை எனப்படுகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இவ்வாறு மாற்றப்பட்ட பொம்மையைச் சேகரிப்பாளர்கள் 'கஸ்டம்' என்று அழைக்கின்றனர். ஒவ்வொரு கஸ்டமும் பெரும்பாலும் ஒரே ஒரு படியாகவே இருக்கும்.

இக்கலையில் காமிக்ஸ் வில்லன்களுக்குத் தனி இடம் உண்டு. உருமாற்றுவோர் செய்யும் வில்லன்களை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். கதையில் இருந்தும் நிறுவனங்கள் பொம்மையாக வெளியிடாத வில்லன் முதல் வகை. கதையில் ஓரிரு இதழ்களில் மட்டும் தோன்றிய மாற்று உருவம் இரண்டாம் வகை. எந்தக் கதாசிரியரும் எழுதாமல், செய்பவரின் கற்பனையில் மட்டும் உருவான வில்லன் மூன்றாம் வகை.

அமெரிக்காவின் கார் உருமாற்றப் பழக்கம், ஜப்பானின் மென்வினைல் தொழில், ஹாங்காங் கலைஞர்களின் பொம்மை இயக்கம் ஆகிய மூன்றும் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்தன. காசு கொடுத்து வாங்கிய பொம்மையின் மீது வாங்கியவருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்னும் கேள்வி இவ்வரலாறு நெடுகிலும் உடன் வருகிறது.

காரிலிருந்து பொம்மைக்கு

'கஸ்டம்' என்னும் சொல் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கலிபோர்னியாவின் கார்ப் பட்டறைகளில் பரவலானது. பழைய கார்களின் கூரையைத் தாழ்த்தியும் முகப்பை மாற்றியும் வண்ணமடித்தும் தனித்தன்மையுள்ள வண்டிகளை உருவாக்குவது அங்கு இளைஞர்களின் மோகமாக இருந்தது. எட் ராத், ஜார்ஜ் பாரிஸ் போன்றோர் இத்துறையில் புகழ் பெற்றனர்.

1966-இல் ஒளிபரப்பான 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடருக்காகப் பாரிஸ் உருவாக்கிய பேட்மொபைல் வண்டி, புதிதாக வடிவமைக்கப்பட்டதன்று. 1955-ஆம் ஆண்டின் லிங்கன் ஃப்யூச்சுரா என்னும் காட்சிக் காரை மாற்றியமைத்தே அது செய்யப்பட்டது. அந்த வண்டி 2013-இல் 42 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

கார்களில் தொடங்கிய இப்பழக்கம் சிறுவர்களின் மேசைக்கும் வந்தது. அமெரிக்காவின் அரோரா நிறுவனம் 1961-இல் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் ஒட்டிச்சேர்க்கும் மாதிரியை வெளியிட்டது. அது பெரும் வரவேற்பைப் பெற்றதும் டிராகுலா, ஓநாய் மனிதன் முதலிய உருவங்கள் தொடர்ந்தன. 1960-களின் முற்பாதியில் அதே நிறுவனம், இம்மாதிரிகளைச் சிறுவர்கள் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வதற்கென வௌவால், எலி, மண்டையோடு போன்ற உதிரி உறுப்புகள் அடங்கிய பெட்டிகளை விற்றது. 1964-இல் பூத மாதிரிகளை மாற்றியமைக்கும் போட்டியும் நடத்தப்பட்டது. தீய பாத்திரத்தின் உருவத்தை வாங்கியவரே மாற்றலாம் என்பதை ஒரு நிறுவனமே ஊக்குவித்த தொடக்கால எடுத்துக்காட்டு இது.

1966-இல் ஐடியல் நிறுவனம் வெளியிட்ட 'கேப்டன் ஆக்ஷன்' பொம்மையும் குறிப்பிடத்தக்கது. 12 அங்குல உயரமுள்ள இந்த ஒரே பொம்மைக்குத் தனித்தனியாக விற்கப்பட்ட உடையும் முகமூடியும் அணிவித்தால் அது சூப்பர்மேனாகவும் பேட்மேனாகவும், தமிழ்ப் படக்கதை வாசகர்கள் மாயாவி என்று அறிந்த பேண்டமாகவும் மாறும். அடுத்த ஆண்டு அதற்கு எதிரியாக நீலத் தோலும் வெளியே தெரியும் மூளையும் கொண்ட 'டாக்டர் ஈவில்' வந்தார். நாயகனுக்குப் பல உருவங்கள் இருக்க, வில்லனாக விற்கப்பட்டவர் இவர் ஒருவரே.

கடையில் கிடைக்காத வில்லன்கள்

நாயகர்கள் நிறைந்தும் வில்லன்கள் குறைந்தும் இருக்கும் நிலை பொம்மைத் தொழிலில் நீண்டகாலம் தொடர்ந்தது. இதற்கு வணிகக் காரணம் உண்டு. புதிய பொம்மைக்கு அச்சு செய்வது பெருஞ்செலவு. ஒரே அச்சைப் பயன்படுத்தி அதிக எண்ணிக்கையில் விற்கக்கூடிய பாத்திரத்தையே நிறுவனங்கள் விரும்பின. எல்லாச் சிறுவர்களும் பேட்மேனைக் கேட்டனர். அவனோடு மோதும் வில்லனைச் சிலரே கேட்டனர். கடைகளுக்கு அனுப்பும் பெட்டியிலும் நாயகன் மிகுதியாகவும் வில்லன் ஒன்றிரண்டாகவும் அடுக்கப்படுவது வழக்கம்.

மெகோ நிறுவனம் 1972-இல் தொடங்கிய 8 அங்குலச் சூப்பர்ஹீரோ வரிசை இதைக் காட்டுகிறது. ஜோக்கர், பெங்குவின், ரிட்லர், கிரீன் காப்ளின், லிசார்ட் போன்ற சில வில்லன்கள் அவ்வரிசையில் வந்தனர். ஆனால் டாக்டர் டூம், மேக்னிட்டோ, டூ-ஃபேஸ் ஆகியோருக்கு அதில் இடமில்லை. சூப்பர்மேனின் முதன்மை எதிரியான லெக்ஸ் லூத்தருக்கும் அந்த 8 அங்குல வரிசையில் பொம்மை இல்லை.

இவ்வரிசையின் பொம்மைகளுக்கு உடல் அமைப்பு பெரும்பாலும் பொதுவானது. தலையும் துணி உடையும் மட்டுமே வேறுபடும். எனவே ஒன்றின் தலையை மற்றொன்றின் உடலில் பொருத்துவது எளிதாக இருந்தது. வழுக்கைத் தலை கிடைத்தால் லூத்தர் உருவாகிவிடுவார். மெகோ 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்ட பின்னரும் அதன் பழைய பொம்மைகள் உருமாற்றுவோரின் முதன்மையான மூலப்பொருளாக நீடித்தன.

1984-இல் கென்னர் நிறுவனத்தின் 'சூப்பர் பவர்ஸ்' வரிசையும் மேட்டல் நிறுவனத்தின் 'சீக்ரெட் வார்ஸ்' வரிசையும் வந்தபோது நிலைமை ஓரளவு மாறியது. லூத்தர், டார்க்சைடு, டாக்டர் டூம், மேக்னிட்டோ ஆகியோர் கடைக்கு வந்தனர். டூ-ஃபேஸ் அப்போதும் வரவில்லை.

வினைல் என்னும் பொருள்

மேற்கண்ட பொம்மைகள் பலவகை நெகிழிகளால் ஆனவை. இன்றைய கஸ்டம் கலையில் பெரிதும் பயன்படுவது வினைல். பாலிவினைல் குளோரைடு என்னும் பொருள் இயல்பில் கடினமானது, எளிதில் நொறுங்கக்கூடியது. 1926-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ சீமன், இளக்கும் வேதிப்பொருளைச் சேர்த்து அதை வளையும் பொருளாக மாற்றினார். காலணி, மழைக்கோட்டு, மின்கம்பி உறை எனப் பலவற்றுக்கும் பயன்பட்ட இப்பொருள் பின்னர் பொம்மைத் தொழிலுக்கும் வந்தது.

ஜப்பானில் மென்வினைல் பொம்மைகள் 'சோஃபுபி' என்று அழைக்கப்படுகின்றன. 1966-இல் மருசன் நிறுவனம் காட்ஸில்லா முதலிய திரைப்படப் பூதங்களைச் சோஃபுபியாக வெளியிட்டது. பின்னர் புல்மார்க் நிறுவனம் அந்த மரபைத் தொடர்ந்தது.

சோஃபுபி செய்யும் முறை கைத்தொழில் சார்ந்தது. மெழுகில் செதுக்கிய மூல உருவத்தின் மீது மின்முலாம் முறையில் உலோகம் படியவைத்து அச்சு உருவாக்கப்படும். அச்சினுள் நீர்ம வினைல் ஊற்றிச் சூடாக்கினால் அச்சின் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் கெட்டியாகும். எஞ்சியதை வெளியே ஊற்றிவிட்டு, மீண்டும் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் பொம்மையை இடுக்கியால் இழுத்து எடுப்பர். இதனால் பொம்மை உள்ளீடற்றதாக அமைகிறது. வெவ்வேறு உறுப்புகள் தனித்தனியே வார்க்கப்பட்டு, ஒன்றனுள் ஒன்று செருகப்படுகின்றன.

உருமாற்றக் கலைக்கு இந்த அமைப்பு மிகவும் உதவுகிறது. சூடுபட்டால் வினைல் மீண்டும் இளகும். அப்போது தலையையும் கையையும் உடையாமல் கழற்றலாம். கத்தியால் வெட்டலாம். உள்ளே நிரப்பலாம். ஆறியதும் பழைய உறுதியைப் பெற்றுவிடும்.

ஹாங்காங்கும் டோக்கியோவும்

1990-களின் இறுதியில் பொம்மை பெரியவர்களின் கலைப்பொருளாக மாறத் தொடங்கியது. ஹாங்காங் ஓவியர் மைக்கேல் லாவ் ஓர் இசைக்குழுவின் ஆல்பம் அட்டைக்காக ஜி.ஐ. ஜோ வகைப் பொம்மைகளை மாற்றியமைத்தார். அவற்றின் தொடர்ச்சியாக, சறுக்குப் பலகை விளையாடும் இளைஞர்களைச் சித்திரிக்கும் 'கார்டனர்' என்னும் பொம்மைத் தொகுதியை உருவாக்கி 1999-இல் காட்சிப்படுத்தினார். நகர்ப்புற வினைல் அல்லது வடிவமைப்பாளர் பொம்மை என்று இன்று அழைக்கப்படும் இயக்கத்தின் தொடக்கமாக இது பரவலாகக் கருதப்படுகிறது. அந்த இயக்கத்தின் தொடக்கமே கடைப்பொம்மையை உருமாற்றும் செயல்தான் என்பது கவனிக்கத்தக்கது.

அதே 1999-இல் அமெரிக்க ஓவியர் காவ்ஸ், டோக்கியோவின் பவுண்டி ஹண்டர் நிறுவனத்துடன் இணைந்து 'கம்பேனியன்' என்னும் வினைல் பொம்மையை 500 படிகள் வெளியிட்டார். ஜப்பானின் மெடிகாம் நிறுவனம் 2001-இல் கரடி வடிவிலான 'பேர்பிரிக்' பொம்மையை அறிமுகப்படுத்தியது. ஒரே வடிவத்தைப் பல ஓவியர்கள் வெவ்வேறு விதமாக வண்ணம் தீட்டலாம் என்னும் எண்ணம் இதன் மூலம் உலகெங்கும் பரவியது.

வெற்றுப் பொம்மையின் வருகை

அமெரிக்காவில் பால் பட்னிட்ஸ் 2002-இல் கிட்ரோபோட் நிறுவனத்தைத் தொடங்கினார். 2004-இல் அவரும் ஓவியர் டிரிஸ்டன் ஈட்டனும் சேர்ந்து 'டன்னி' என்னும் முயல் வடிவப் பொம்மையை உருவாக்கினர். 2005-இல் வந்த 'மன்னி' பொம்மை உருமாற்றக் கலையில் ஒரு திருப்பம். முகமோ வண்ணமோ இல்லாத வெள்ளைப் பொம்மையாக அது விற்கப்பட்டது. வாங்குபவர் தாமே வரைந்து முடிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதுவரை உருமாற்றுவோர் முதலில் பழைய பாத்திரத்தின் அடையாளத்தை அழிக்க வேண்டியிருந்தது; மன்னியில் அந்த வேலை இல்லை. 2007-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கிட்ரோபோட் பொம்மைகள் சிலவற்றைத் தன் நிரந்தரத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

2007-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'மைட்டி மக்ஸ்' வரிசையை வெளியிட்டது. ஸ்டார் வார்ஸ், மார்வெல் பாத்திரங்கள் இவ்வரிசையில் வந்தன. உருண்டைத் தலை, எளிய உடல், தட்டையாக அச்சிட்ட முகம் ஆகியவை இதன் இயல்புகள். முகத்தில் மூக்கோ வாயோ புடைத்து நில்லாததால் பழைய வண்ணத்தைத் துடைத்துவிட்டு வேறு முகம் வரைய முடிந்தது. காமிக்ஸ் வில்லன்களை உருவாக்க விரும்பியோருக்கு இது ஏற்ற பொருளாக அமைந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஃபன்கோ நிறுவனம் 2010-இல் சான் டியேகோ காமிக்-கான் விழாவில் 'பாப்' வரிசையை அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரம், பெரிய தலை, வட்டமான கருங்கண்கள் ஆகியவை பாப் பொம்மையின் அடையாளம். பெரும்பாலான பாப் பொம்மைகளுக்கு வாய் இருக்காது. விலை குறைவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருந்ததால், கெட்டுப்போனாலும் பெரிய இழப்பில்லை என்று துணிந்து கத்தியை வைக்கும் புதியவர்கள் பலர் இக்கலைக்குள் வந்தனர். வண்ணமில்லாத வெள்ளைப் பாப் பொம்மைகளையும் ஃபன்கோ விற்றது.

வில்லனைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணங்கள்

நாயகனின் தோற்றம் அவனை விற்கும் நிறுவனத்தின் அடையாளக்குறியாகவும் விளங்குகிறது. சூப்பர்மேனின் மார்பிலுள்ள எழுத்தை எடுத்துவிட்டால் அவனை அடையாளம் காண்பது கடினம். வில்லனுக்கு அத்தகைய கட்டுப்பாடு குறைவு. வெள்ளை முகம், பச்சைத் தலைமுடி, அகன்ற சிரிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் எந்த உடையிலும் எந்தக் காலத்திலும் அவன் ஜோக்கர்தான்.

ஜோக்கர் 1940-இல் 'பேட்மேன்' முதல் இதழில் தோன்றியவன். 1928-இல் வெளிவந்த 'சிரிக்கும் மனிதன்' என்னும் திரைப்படத்தில் நடிகர் கான்ராட் ஃபைட்டின் தோற்றம் அவனுடைய முகத்துக்கு முன்மாதிரியாக இருந்தது. இவ்வாறு அவனே வேறொரு முகத்தின் மாற்று வடிவம். 1966-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரில் ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ தம் மீசையை மழிக்க மறுத்ததால் அதன் மீதே வெள்ளை ஒப்பனை பூசப்பட்டது. 2008-இல் ஹீத் லெட்ஜர் நடித்த ஜோக்கர் கலைந்த ஒப்பனையும் கிழிந்த வாயுமாக வந்தார். ஒரே பாத்திரத்துக்கு இத்தனை முகங்கள் இருப்பதால் இன்னொன்றைச் சேர்ப்பதற்கு உருமாற்றுவோர் தயங்குவதில்லை.

வில்லன்கள் பலரின் கதையும் உடல் மாற்றத்தின் கதையாகவே அமைந்துள்ளது. 1942-இல் தோன்றிய டூ-ஃபேஸ், அமிலம் வீசப்பட்டுப் பாதி முகம் சிதைந்த வழக்கறிஞர். 1962-இல் அறிமுகமான டாக்டர் டூம் காயமுற்ற முகத்தை உலோக முகமூடிக்குள் மறைத்தவர். 1988-இல் முழு உருவம் பெற்ற வெனம், வேற்றுக்கோள் உயிரி ஒரு மனிதனைப் பற்றிக்கொண்டதால் உண்டானவன். நல்ல முகமுள்ள ஒரு பொம்மையை எடுத்துப் பாதியைச் சிதைப்பவர், டூ-ஃபேஸின் கதையைத் தம் கையால் மீண்டும் நிகழ்த்துகிறார் எனலாம்.

கற்பனை மாற்றங்களுக்குக் காமிக்ஸ் நிறுவனங்களே வழிகாட்டின. வழக்கமான கதைத்தொடர்ச்சியில் சேராத 'கற்பனைக் கதைகள்' சூப்பர்மேன் இதழ்களில் முன்பே வந்துள்ளன. மார்வெல் நிறுவனம் 1977-இல் 'இப்படி நடந்திருந்தால்?' என்னும் பொருள்படும் 'வாட் இஃப்' இதழைத் தொடங்கியது. 1989-இல் டிசி நிறுவனம் வெளியிட்ட 'காத்தம் பை கேஸ்லைட்' பேட்மேனை விக்டோரியா காலத்தில் கொண்டு நிறுத்தியது. 2003-இல் வெளிவந்த 'ரெட் சன்' சூப்பர்மேனைச் சோவியத் ஒன்றியத்தில் வளர்த்தது. 2011-இன் 'ஃபிளாஷ்பாயிண்ட்' கதையில் பேட்மேனின் தாய் மார்த்தா வெய்னே ஜோக்கராகிறார். 2017-இல் ஜோக்கரின் இயல்பு தொற்றிய பேட்மேன் ஒரு புதிய வில்லனாக வந்தான். இத்தகைய கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, எழுதப்படாத இன்னொரு மாற்றத்தைத் தாமே செய்துபார்ப்பது இயல்பான அடுத்த படியாக இருந்தது.

செய்முறை

எடுத்துக்காட்டாக, 19-ஆம் நூற்றாண்டு லண்டன் உடையில் ஓர் ஜோக்கரை உருவாக்கும் வேலையைப் படிப்படியாகக் காணலாம்.

முதல் படி மூலப்பொம்மையைத் தேர்வது. நீண்ட கோட்டு அணிந்த ஏதேனும் ஒரு பாத்திரத்தின் உடல் ஏற்றது. முகத்தைவிட உடலின் நிற்கும் பாங்கே தேர்வில் முக்கியம். முகத்தை எளிதில் மாற்றலாம், நிற்கும் பாங்கை மாற்றுவது கடினம்.

இரண்டாம் படி கழற்றுவது. பொம்மையைச் சுடுநீரில் சில நிமிடங்கள் வைத்தால் கழுத்து இளகும். மெல்லத் திருகித் தலையை எடுக்கலாம். பின்னர் சோப்பு நீரால் கழுவ வேண்டும். வார்ப்பின்போது அச்சில் தடவிய எண்ணெய்ப் பசை மேற்பரப்பில் இருந்தால் வண்ணம் பிடிக்காது.

மூன்றாம் படி செதுக்குவது. தேவையற்ற பகுதிகளைக் கத்தியால் நீக்கி, உப்புத்தாளால் தேய்ப்பர். தேய்க்கும்போது எழும் வினைல் தூசு மூச்சில் கலக்காமல் முகக்கவசம் அணிவதும், தாளை நனைத்துத் தேய்ப்பதும் பாதுகாப்பானவை. புதிய பகுதிகளுக்கு எபாக்சி புட்டி பயன்படுகிறது. இருவேறு களிம்புகளைச் சம அளவில் பிசைந்தால் அது மாவுபோல் இளகியிருந்து, சில மணி நேரத்தில் கல்போல் இறுகும். தமிழ்நாட்டு வீடுகளில் குழாய்க் கசிவை அடைக்கப் பயன்படும் எம்-சீல் இவ்வகையைச் சேர்ந்ததே. தொப்பியின் விளிம்பு, கோட்டின் கழுத்துப்பட்டை, கன்னத்தில் ஏறும் சிரிப்பு ஆகியவை இப்புட்டியால் உருவாக்கப்படும். விரலில் ஒட்டாமலிருக்கத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வழிப்பர்.

நான்காம் படி வண்ணம். இங்குதான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகின்றனர். வினைலில் சேர்க்கப்பட்ட இளக்கும் பொருள் காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசியும். சில தெளிப்பு வண்ணங்களும் எனாமல் வண்ணங்களும் அதனுடன் சேர்ந்து, எத்தனை நாளானாலும் காயாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய படலங்களாகப் பலமுறை பூசுவதே நம்பகமான வழி. மூட்டுகள் உராயும் இடத்தில் முன்கூட்டியே சற்றுத் தேய்த்து இடைவெளி விடாவிட்டால், கையை ஒருமுறை திருப்பியதும் வண்ணம் உரிந்துவிடும். இறுதியில் பளபளப்பற்ற காப்புப்பூச்சு தரப்படும்.

அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் இப்பணியில் சேர்ந்துள்ளன. கணினியில் வடிவமைத்த தலையையோ ஆயுதத்தையோ அச்சிட்டுப் பொருத்துகின்றனர். அதே வேளையில், ஒருவர் கையால் செதுக்கிய தலையை மற்றொருவர் அனுமதியின்றி அச்செடுத்து விற்பதை இத்துறையினர் திருட்டாகவே கருதுகின்றனர்.

உரிமை பற்றிய வழக்குகள்

ஜோக்கரும் டாக்டர் டூமும் நிறுவனங்களின் பதிப்புரிமைக்கு உட்பட்ட பாத்திரங்கள். பொம்மையோ வாங்கியவரின் உடைமை. இவ்விரண்டும் மோதும் இடத்தில் அமெரிக்கச் சட்டம் ஒரே விடையைத் தரவில்லை.

சட்டப்படி வாங்கிய படியை மறுவிற்பனை செய்ய வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது 1908-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தால் ஏற்கப்பட்ட கொள்கை. ஆனால் மாற்றியமைத்த படிக்கும் அது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. புத்தகத்திலிருந்து வெட்டிய ஓவியங்களை ஓட்டுச் சதுரங்களில் ஒட்டி விற்றது உரிமை மீறல் என 1988-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ அதே செயலை 1997-இல் ஏழாம் வட்ட நீதிமன்றம் உரிமை மீறல் அன்று என்றது.

பொம்மை உருமாற்றத்துக்கு மிக நெருக்கமான வழக்கு 2002-இல் நியூயார்க்கில் நடந்தது. பார்பி பொம்மைகளின் உடையையும் தோற்றத்தையும் வயதுவந்தோருக்குரிய வகையில் மாற்றி விற்ற ஒரு பெண்மீது மேட்டல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அம்மாற்றம் மூலப்பொம்மையின் பொருளையே வேறாக்குகிறது என்பதால் அதை நியாயமான பயன்பாடாக நீதிமன்றம் கருதியது.

எதிர்த்திசையில் அமைந்தது 2015-ஆம் ஆண்டின் பேட்மொபைல் தீர்ப்பு. பேட்மொபைலின் நகல் கார்களைச் செய்து விற்ற ஒருவருக்கு எதிராக டிசி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்தக் கார் தனக்கென இயல்புகள் கொண்ட ஒரு 'பாத்திரம்'. எனவே பதிப்புரிமை அதற்கும் உண்டு என ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் கூறியது. இன்னொரு நிறுவனத்தின் காரை மாற்றிச் செய்த கஸ்டம் ஒன்றே, பிறர் நகலெடுக்கக் கூடாத உடைமையாக இவ்வாறு உறுதிப்பட்டது.

இத்தீர்ப்புகளை ஒருங்கே பார்த்தால், பார்பியை வேறொன்றாக்கியவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, பார்பியை ஜோக்கராக்குபவருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பழைய பாத்திரத்திலிருந்து விலகினாலும் அவர் வந்து சேர்வது மற்றொரு நிறுவனத்தின் பாத்திரத்திடம். தனக்காக ஒன்று செய்து அலமாரியில் வைப்பவர்மீது நிறுவனங்கள் வழக்குத் தொடுப்பது அரிது. பல படிகள் வார்த்து விற்கும்போதே சிக்கல் கூடுகிறது.

வில்லன் பொம்மைகள் தொடர்பான வேறொரு வழக்கும் சுவையானது. அமெரிக்க இறக்குமதி விதிகளில் மனித உருவப் பொம்மைக்கு 12 விழுக்காடும் பிற உயிர்களைக் குறிக்கும் விளையாட்டுப் பொருளுக்கு 6.8 விழுக்காடும் வரி இருந்தது. மார்வெல் பாத்திரங்களை இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம், எக்ஸ்-மென் முதலியோர் மனிதர்கள் அல்லர் என வாதிட்டது. 2003-இல் பன்னாட்டு வணிக நீதிமன்றம் அதை ஏற்றது. தம்மை மனிதராக மதிக்கவேண்டும் என்று கதை முழுதும் போராடும் எக்ஸ்-மென், வரிக்கணக்கில் மனிதரல்லாதவர் ஆயினர். கோட்டு சூட்டு அணிந்த மனிதனாகவே தோன்றும் கிங்பின் என்னும் வில்லனும் அவர்களோடு சேர்க்கப்பட்டான்.

பெருந்தொழிலும் கைவேலையும்

2010-களில் நிலைமை தலைகீழானது. கடையில் கிடைக்காத வில்லனைத் தேடிய காலம் போய், ஒரே வில்லன் பல வடிவங்களில் கிடைக்கும் காலம் வந்தது. ஒரே அச்சில் வண்ணத்தை மாற்றியும், இருளில் ஒளிரச் செய்தும், அரிய பதிப்பு எனப் பெயரிட்டும் நிறுவனங்கள் விற்றன. வெனம் உயிரி மற்றப் பாத்திரங்களைப் பற்றிக்கொண்டால் எப்படியிருக்கும் என்னும் காமிக்ஸ் கற்பனையை ஒட்டி, வெனம் வடிவிலான ஹல்க், அயர்ன்மேன், தானோஸ் ஆகிய பாப் பொம்மைகளை ஃபன்கோ வெளியிட்டது. ஒருகாலத்தில் கஸ்டமாக மட்டுமே காணக்கூடிய வகை தொழிற்சாலையிலிருந்தே வந்தது.

இதன் விளைவு மிகை உற்பத்தி. 2023 மார்ச் மாதம், கிடங்கில் இடமின்றித் தேங்கிய 3 கோடி முதல் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை அழிக்கப்போவதாக ஃபன்கோ அறிவித்தது. வைத்திருக்கும் செலவு விற்று வரும் பணத்தைவிட அதிகம் என்பதே காரணம். எளிதில் மட்காத வினைலைப் பொறுத்தவரை இது சூழலியல் கேள்வியும் ஆகும். பழைய, உடைந்த, விலைபோகாத பொம்மைகளை மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளும் உருமாற்றுவோரின் பழக்கம் இந்தப் பின்னணியில் புதிய பொருள் பெறுகிறது. அளவில் அது மிகச் சிறியது என்பதும் உண்மையே.

காட்சிக்கலையிலும் இதன் தாக்கம் உண்டு. 2005-இல் தொடங்கிய 'ரோபாட் சிக்கன்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், பொம்மைகளை அசைத்து ஒவ்வொரு சட்டமாகப் படமெடுக்கும் முறையில் உருவானது. அதில் காமிக்ஸ் வில்லன்கள் அன்றாட வாழ்வின் சிறு தொல்லைகளில் மாட்டிக்கொள்வது வாடிக்கை.

நிலைத்திருத்தல்

கஸ்டம் பொம்மைகளின் பெரிய குறை அவற்றின் ஆயுள். வினைலிலிருந்து இளக்கும் பொருள் கசிவதால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். வெயில் பட்டால் வெள்ளை நிறம் மஞ்சளாகும். கனமான புட்டி சேர்த்த தலை, வெப்பத்தில் கழுத்து வளைந்து சாயும். நேரடி வெயிலும் சூடும் படாத இடத்தில் வைப்பது, தூசைத் தூரிகையால் மட்டும் துடைப்பது, நெகிழி உறையில் இறுக்கி மூடாமல் இருப்பது ஆகியவை சேகரிப்பாளர்கள் கடைப்பிடிக்கும் பாதுகாப்பு முறைகள்.

தொழிற்சாலைப் பொம்மைக்குப் பட்டியல் எண்ணும் வெளியீட்டு ஆண்டும் பெட்டியும் உண்டு. கஸ்டத்துக்கு அவை இல்லை. செய்தவர் அடிப்பாதத்தில் பெயரும் ஆண்டும் எழுதாவிட்டால், கைமாறிய சில ஆண்டுகளில் அது யாருடைய வேலை என்பது மறைந்துவிடும். இதனால் அனுபவமுள்ளோர் காப்புப்பூச்சுக்கு முன்பே பாதத்தில் கையொப்பமிட்டு, மூலப்பொம்மை எது, எந்தப் பகுதி புதிதாகச் செதுக்கியது என்னும் குறிப்பையும் படங்களையும் சேர்த்து வைக்கின்றனர்.